கைப்பிடிச் சுவர்



“மனை என்னுடையது, பணமும் என்னுடையது. என் மனையில் என் பணத்தால் என் பிள்ளைகளுக்கு ஒரு வீடு கட்டிக்கொள்வதற்கு மாநகராட்சியின் கையெழுத்து எதற்கு?” வீடு கட்டத் தொடங்கும் குடும்பங்களில் இந்தக் கேள்வியைக் கேளாதவர் அரியர். வாய்விட்டுக் கேட்பவர் சிலர். மனத்துக்குள் முணுமுணுப்பவர் பலர்.

கேட்பவரைக் குறை கூறுவதற்கில்லை. சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம், மனைவியின் கழுத்திலிருந்து கழன்ற நகை, வங்கியில் பட்ட கடன் ஆகிய மூன்றும் கூடித்தான் நடுத்தரக் குடும்பத்தின் வீடு எழும்புகிறது. அந்நிலையில் அலுவலகப் படிகளில் ஏறி இறங்குவதும், கொடுத்த தாள் போதாதென்று மறுதாள் கேட்கப்படுவதும், கட்டணப் பட்டியல் நீள்வதும் எவரையும் சலிப்படையச் செய்யும். கட்டட அனுமதி என்பது நம் வாசலில் அரசு அமைத்திருக்கும் சுங்கச் சாவடி என்றே பலருக்குத் தோன்றிவிடுகிறது.

அது சுங்கச் சாவடிதானா, அன்றி வேறொன்றா என்பதை இம்மாதம் சிந்திப்போம். அதற்கு முன் விவிலியத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

மோசே தந்த கட்டட விதி

முன்னாளில் உபாகமம் என்று நாம் அழைத்த இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தில் வீடு கட்டுவோருக்கென ஒரு விதி உண்டு. புது வீடு கட்டுகிறவன் அதன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு, எவரேனும் அங்கிருந்து விழுந்தால் அந்த இரத்தப்பழி அவன் வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து.

அந்நாட்டு வீடுகளின் கூரை தட்டையானது. மக்கள் அதில் நடமாடினர், விளைபொருளை உலர்த்தினர். எரிகோ நகரத்து இராகாபு, ஒற்றர்களைத் தன் மாடியில் பரப்பியிருந்த சணல் தட்டைகளுக்குள்தான் மறைத்து வைத்தாள். புனித பேதுரு யோப்பா நகரில் இறைவேண்டல் செய்ததும் ஒரு வீட்டின் மாடியில்தான். நம் ஊரில் மொட்டைமாடியில் வற்றல் காயவைப்பதும், கோடை இரவில் பாய் விரித்துப் படுப்பதும், பிள்ளைகள் பட்டம் விடுவதும் போன்றதே அது.

இவ்விதியைக் கூர்ந்து நோக்குவோமாக. வீட்டுக்காரன் எவரையும் பிடித்துத் தள்ளவில்லை. விழுந்தவர் தாமாகக் கால் இடறி விழுந்திருக்கலாம். ஆயினும் பழி வீட்டுக்காரனையே சாரும். ஏன்? கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டான் என்பதனால். வீடு அவனுக்கு உரியதாயினும், அதனால் விளையும் தீங்கு அவனோடு நின்றுவிடுவதில்லை என்பதை மோசேயின் சட்டம் அன்றே கண்டுகொண்டது.

லேவியர் நூலின் 14ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. வீட்டுச் சுவரில் நோய் போன்ற கறை படர்ந்தால் உரிமையாளன் குருவிடம் தெரிவிக்க வேண்டும். குரு நேரில் வந்து பார்ப்பார். வீட்டை 7 நாள் அடைத்து வைப்பார். கறை பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே எறியச் செய்வார். மறுபடியும் படர்ந்தால் வீட்டையே இடித்துவிட வேண்டும். நம் வீட்டைப் பிறர் வந்து பார்வையிடுவது இன்று நேற்று வந்த வழக்கமன்று என்பது இதிலிருந்து விளங்கும்.

இன்றைய கட்டட விதிகள் ஒவ்வொன்றும் அந்தக் கைப்பிடிச் சுவரின் வழித்தோன்றலே. இவ்வுண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், அனுமதியின் ஒவ்வொரு படியும் எதற்காக என்பது புலனாகும்.

விதிகள் எதைக் காக்கின்றன?

நம் மாநிலத்தில் நகர்ப்புறக் கட்டடங்களுக்குச் சட்டம் விதிப்பது பழைய வழக்கம். சென்னைக்கு 1919ஆம் ஆண்டுச் சட்டமும், மற்ற நகராட்சிகளுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டமும் நெடுங்காலம் வழிகாட்டின. பின்னர் 1971இல் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. இடத்துக்கு ஓர் விதியாக இருந்தவற்றை ஒன்றுதிரட்டி, 2019இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வெளியிடப்பெற்றன. இவை அவ்வப்போது திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் நாளில் உள்ள நிலையைக் கேட்டறிவது முறை.

இவ்விதிகளில் நம் போன்றோர் முதலில் அறிய வேண்டியவை இரண்டு. ஒன்று, வீட்டைச் சுற்றி விட வேண்டிய திறந்தவெளி. ‘செட்பேக்’ என்று பொறியாளரும் கொத்தனாரும் கூறுவது இதனையே. வீதியின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து இதன் அளவு மாறும். மற்றொன்று, தளப்பரப்புக் குறியீடு. எல்லா மாடிகளின் பரப்பையும் கூட்டினால் மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு வரலாம் என்பதே அது. 2019ஆம் ஆண்டு விதிகள் உயரமான அடுக்குமாடிகள் அல்லாத கட்டடங்களுக்கு இதனைப் பொதுவாக 2 என்று வகுத்தன. 1,200 சதுர அடி மனையில் எல்லா மாடியும் சேர்த்து 2,400 சதுர அடி வரை கட்டலாம் என்பது கணக்கு. ஆனால் திறந்தவெளி விட்டது போக மீந்த இடத்தில்தான் அதனைக் கட்ட முடியும்.

மனை விலை விண்ணை முட்டும் நாளில் 3 அடி நிலத்தைச் சும்மா விடுவதா என்று மனம் துடிக்கும். அந்த 3 அடி சும்மா கிடக்கவில்லை. நம் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் காற்றும் வெளிச்சமும் அவ்வழியேதான் வருகின்றன. நம் சன்ஷேடில் விழும் மழைநீர் அண்டை வீட்டாரின் சுவரை நனைக்காமல் நம் மண்ணிலேயே இறங்குவது அங்கேதான். தீப்பற்றினால் ஆள் நுழைவதும், கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் பழுது பார்ப்பதும் அவ்விடத்தில்தான். 2003இல் நம் மாநிலத்தில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக்கும் நிலம் வேண்டுமன்றோ? அடுத்தவரின் எல்லைக் கல்லைத் தள்ளி வைப்பவனை இணைச்சட்டம் சபிக்கிறது. கல்லைத் தொடாமலே அடுத்தவரின் காற்றையும் வெளிச்சத்தையும் அபகரிக்கலாம். அதுவும் ஏழாம் கட்டளைக்குள் அடங்கும்.

மனை வாங்கும் முன்பே

கட்டட அனுமதியின் தொல்லைகளுள் பெரும்பாலானவை வரைபடத்தில் தொடங்குவதில்லை. மனை வாங்கிய அன்றே தொடங்கிவிடுகின்றன. பத்திரம் பதிவாகிவிட்டால் மனைக்கு அங்கீகாரமும் உண்டு என்று எண்ணிக்கொள்வது நம்மிடையே பரவியுள்ள தவறான எண்ணம். பதிவு என்பது விற்றவர் வாங்கியவர் இடையே நடந்த கைமாற்றத்திற்குச் சான்று. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் உண்டா என்பது தனிக் கேள்வி.

விளைநிலத்தைக் கூறுபோட்டு, நடுவே கல் நட்டு, தவணை முறையில் விற்ற மனைகளை வாங்கியோர் நம் பங்குகளிலும் பலர். அவ்வாறு அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோது, அவற்றை வைத்திருந்த குடும்பங்கள் திகைத்து நின்றன. 2017இல் அரசு வரன்முறைத் திட்டம் ஒன்றை வகுத்தது. 2016 அக்டோபர் 20ஆம் நாளை வரம்பாகக் கொண்டு, அதற்கு முன் விற்கப்பட்ட மனைகளைக் கட்டணம் செலுத்தி முறைப்படுத்திக்கொள்ள வழி பிறந்தது. ஆகவே மனை வாங்க முன்பணம் கொடுக்குமுன், மனைப்பிரிவின் ஒப்புதல் எண்ணையோ வரன்முறை ஆணையையோ கேட்டு வாங்கிப் பாருங்கள். “அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று தரகர் சொன்னால், பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு வீடு திரும்புங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

விண்ணப்பத்திற்கு முன் திரட்டிக்கொள்ள வேண்டிய ஆவணங்கள் இவை: கிரயப் பத்திரம், உங்கள் பெயரில் மாற்றப்பட்ட பட்டா, நில அளவை வரைபடம், வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு ஒப்புதல் அல்லது வரன்முறை ஆணை, காலிமனை வரி செலுத்திய இரசீது, பதிவு பெற்ற பொறியாளர் அல்லது கட்டடக் கலைஞர் வரைந்து கையொப்பமிட்ட வீட்டு வரைபடம்.

இவற்றுள் பட்டா பற்றி ஒரு சொல். தந்தையின் பெயரிலோ பாட்டனாரின் பெயரிலோ பட்டாவை அப்படியே விட்டுவைப்பது நம் குடும்பங்களில் வழக்கம். அண்ணன் தம்பிகள் ஒற்றுமையாய் இருக்கும் நாளில் வாரிசுச் சான்று பெற்று, சகோதரிகளின் பங்கையும் மறவாமல் முறைப்படி பாகம் பிரித்துப் பட்டாவை மாற்றிக்கொள்ளுங்கள். மனத்தாங்கல் வந்தபின் அதைச் செய்ய முனைவது கடினம். உடன்பிறந்தாளின் கையெழுத்தை மறைத்துப் பெற்ற அனுமதியில் எழும் வீடு, முதல் செங்கல்லிலேயே அநீதியைச் சுமக்கிறது.

பத்திரத்தில் உள்ள அளவும், பட்டாவில் உள்ள அளவும், தரையில் நாடா பிடித்து அளந்த அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். 1 சென்ட் என்பது 435.6 சதுர அடி. 3 சென்ட் என்று வாங்கியது அளந்தால் 1,306 சதுர அடிக்கு மேல் இருக்க வேண்டும். குறைந்திருப்பின், வரைபடம் வரையுமுன் நில அளவரைக் கொண்டு எல்லையைத் தீர்த்துக்கொள்வதே அறிவுடைமை. வானம் தோண்டியபின் எழும் எல்லைத் தகராறு இரண்டு தலைமுறைப் பகையாக முடிவதுண்டு.

நம் கையெழுத்தின் விலை

அனுமதி பெறும் முறை அண்மையில் வெகுவாக எளிதாகிவிட்டது. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையை அறிமுகப்படுத்தியது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாமல், தரைத்தளமோ அல்லது தரைத்தளமும் ஒரு மாடியுமோ கொண்ட வீடு கட்டுவோர் ஒற்றைச் சாளர இணையதளத்தின் வழியே விண்ணப்பிக்கலாம். வரைபடத்தையும் ஆவணங்களையும் பதிவேற்றி, விதிகளுக்கு உட்பட்டே கட்டுவேன் என்று உரிமையாளர் தாமே உறுதிமொழி அளிக்கிறார். சதுர அடிக்கு இவ்வளவு என்று உள்ளாட்சி அமைப்புக்கு ஏற்ப வகுக்கப்பட்ட கட்டணத்தைச் செலுத்தியதும் அனுமதி கிடைக்கிறது. முன்கூட்டிய கள ஆய்வு இல்லை. முடிவுச் சான்றும் தேவையில்லை. 2,500 சதுர அடி என்பது ஏறத்தாழ 5¾ சென்ட். நம் பங்குகளில் வீடு கட்டும் குடும்பங்களில் பல இதற்குள் அடங்கிவிடும்.

இது நல்ல சீர்திருத்தம், வரவேற்கத் தக்கது. ஆயினும் இதில் ஒரு நுட்பம் உண்டு. முன்னர் அதிகாரி ஒருவர் வந்து அளந்து பார்த்தார்; தவறு நேர்ந்தால் அவரையும் குறை கூறலாம். இன்றோ அளந்தவரும் நாம், சான்று தந்தவரும் நாம். மனச்சான்றைத் தவிர வேறு மேற்பார்வையாளர் இல்லாத இடத்தில்தான் மனிதனின் உண்மை வெளிப்படுகிறது. தாளில் 4 அடி விட்டதாகக் காட்டி, தரையில் 1 அடி விட்டால், அது வெறும் விதிமீறலன்று, பொய்ச் சாட்சியம். எட்டாம் கட்டளை நீதிமன்றக் கூண்டுக்கு மட்டும் உரியதன்று.

மறுலகக் கணக்கு ஒருபுறம் இருக்க, இவ்வுலகிலும் அதற்கு விலை உண்டு. வரைபடத்துக்கு மாறாகக் கட்டிய பகுதியைப் பூட்டி முத்திரையிடவும் இடிக்கவும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் தந்திருக்கிறது. கடன் கேட்டாலும் விற்க முனைந்தாலும் வங்கியார் ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கேட்பர். தாளில் ஒரு வீடும் தரையில் ஒரு வீடுமாக இருந்தால், தந்தை செய்த சிக்கலைப் பிள்ளைகள் அவிழ்க்க நேரும். கட்டும்போது சமையலறையை நீட்டவோ மாடியில் ஓர் அறை கூட்டவோ தோன்றினால், வேலையை நிறுத்தித் திருத்திய வரைபடத்துக்கு அனுமதி பெற்றபின் தொடர்வதே முறை.

மேசைக்கு அடியில்

இனி, எல்லாரும் அறிந்தும் எவரும் உரக்கப் பேசாத பொருளுக்கு வருவோம். “கொடுத்தால்தான் நடக்கும், சாமி” என்று பங்குத் தந்தையிடமே சொல்வோர் உண்டு. இங்கே இருவகைச் செயல்களைப் பிரித்தறிய வேண்டும். விதிப்படி நமக்குக் கிடைக்க வேண்டியதைத் தராமல் நிறுத்திவைத்து, ஒருவர் நம்மிடம் பணம் பறிப்பது ஒன்று. நமக்கு உரிமையில்லாத ஒன்றைப் பெற, அதாவது குறைந்த திறந்தவெளியையோ கூடுதல் மாடியையோ கண்டுகொள்ளாதிருக்க, நாமே பணம் நீட்டுவது மற்றொன்று. முன்னதில் நாம் பறிகொடுத்தவர். பின்னதில் நாம் பங்காளி. இரண்டையும் ‘லஞ்சம்’ என்னும் ஒரே சொல்லால் மூடி, பின்னதற்கும் முன்னதன் அனுதாபத்தைத் தேடிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2409ஆம் பகுதியில், சட்டப்படி முடிவெடுக்க வேண்டியவரின் தீர்ப்பைப் பணத்தால் வளைப்பதை ஏழாம் கட்டளைக்கு எதிரான செயல்களுள் ஒன்றாகவே எண்ணுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தந்த ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடும், உடல்நலம் காக்கும் சமுதாய விதிகளை அற்பமாக எண்ணுவோரைக் கண்டிக்கிறது.

பறிப்போரிடம் சிக்கியவருக்கும் வழி இல்லாமலில்லை. 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றமே. எனினும் கட்டாயத்தின்பேரில் கொடுக்க நேர்ந்தவர் 7 நாள்களுக்குள் காவல் துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ அறிவித்தால், அவர்மேல் அக்குற்றம் சாராது. கொடுக்குமுன்பே லஞ்ச ஒழிப்புத் துறையை அணுகுவது இன்னும் மேலானது. விண்ணப்பம் காரணமின்றி உறங்கினால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அதன் நிலையைக் கேட்டு எழுதலாம். 30 நாள்களுக்குள் விடை தர வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, நம் ஆவணங்கள் குறையற்றிருந்தால் பறிப்பவருக்குப் பிடி கிடைப்பது அரிது. நம் பக்கத்தில் ஒரு தவறு இருந்தால்தான் எதிர்ப்பக்கத்துக் கை துணிவோடு நீளும்.

தாள் சுவராகாது

அனுமதி பெற்றுவிட்டால் கடமை முடிந்ததா? இல்லை. 2014 ஜூன் 28ஆம் நாள் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து விழுந்து 61 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலர் பிழைப்புத் தேடி வந்த கட்டடத் தொழிலாளர். அக்கட்டடத்துக்குத் திட்ட அனுமதி இருந்தது. தாள் இருந்தும் தூண் நிற்கவில்லை. அதற்குப் 10 ஆண்டுகளுக்கு முன், 2004 ஜூலை 16ஆம் நாள், கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. வெளியேறும் வழி குறுகலாயிருந்ததை நாடே பிறகு பேசியது. படிக்கட்டின் அகலம் என்பது வெறும் எண் என்று எண்ணுவோர் அந்நாளை நினைவுகூர வேண்டும்.

ஆகவே மண்ணின் தன்மையை அறிந்தவரிடம் காட்டி அடித்தளம் இடுங்கள். நம் ஆண்டவர் பாறைமேல் கட்டியவனையும் மணல்மேல் கட்டியவனையும் உவமையாகக் கூறியபோது, கேட்டோர் அனைவரும் அதை உடனே புரிந்துகொண்டது தம் வீட்டு அனுபவத்தால்தான். ஒரு மாடிக்கென வகுத்த தூண்மேல், “தாங்கும், ஐயா” என்னும் மேஸ்திரியின் ஒரு வார்த்தையை நம்பி இரண்டாம் மாடி ஏற்றாதீர்கள். கம்பியின் கனத்தைக் குறைத்து மிச்சப்படுத்தும் பணத்தால் வாசலுக்குப் பளிங்கு வாங்காதீர்கள். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் கூறுவதும் இதனோடு சேர்ந்ததே. அனுமதிக் கட்டணம், பொறியாளர் ஊதியம், மண் ஆய்வுச் செலவு ஆகியவற்றை முதல்நாளே கணக்கில் சேர்த்துக்கொண்டால் பின்னர் குறுக்குவழி தேடும் நெருக்கடி வராது.

வீட்டைக் கட்டுவோரையும் மறவாதீர்கள். அண்டையானைக் கூலியின்றி வேலை வாங்கி மாளிகை எழுப்பியவனை நோக்கி எரேமியா இறைவாக்கினர் முழங்கினார். சாரத்தில் ஏறும் கொத்தனாருக்கும், கல் சுமக்கும் சித்தாளுக்கும் பேசிய கூலியைச் சனிக்கிழமை மாலை தவறாமல் கொடுங்கள். நம் மாநிலத்தில் 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைக்கப்பட்டது. அதில் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்டு, இல்லையெனில் பதிவு செய்ய உதவுங்கள். அதுவும் கைப்பிடிச் சுவரில் ஒரு வரிசைச் செங்கல்தான்.

ஐந்தாம் கட்டளை உயிரைக் காக்கச் சொல்கிறது. ஏழாம் கட்டளை பிறர் உரிமையைத் தொடாதே என்கிறது. எட்டாம் கட்டளை பொய்ச் சான்று சொல்லாதே என்கிறது. வீடு கட்டும் ஒருவன் இம்மூன்றையும் தன் வரைபடத்தில் காணலாம். கொலைகாரனுக்கும் திருடனுக்கும் பொய்யனுக்கும் உரியவை என்று நாம் ஒதுக்கிவைத்த கட்டளைகள், 1,200 சதுர அடி மனைக்குள் நம்மைத் தேடி வருகின்றன.

வேலை முடிந்து, நிலைக்கு மாவிலை கட்டி, பங்குத் தந்தையை அழைத்து வீட்டை மந்திரிப்பது நம் மரபு. திரு இருதயப் படத்தை நடுக்கூடத்தில் வைத்து, அறைதோறும் தீர்த்தம் தெளிக்கக் காண்பது குடும்பத்துக்குப் பெருமகிழ்ச்சி. அந்நாளில் அண்டை வீட்டாரும் வந்து பந்தியில் அமர்வர். அவர்களுடைய சன்னலுக்கு வெளிச்சம் வர நாம் விட்ட அந்தச் சிறு இடைவெளியைப் பற்றி எவரும் பேசப்போவதில்லை; நமக்கு நன்றி கூறப்போவதும் இல்லை. ஆனால் அவர்கள் நம் வீட்டு உணவை மனக்கசப்பின்றி உண்பர். நம் பிள்ளைகள் மாடியில் ஓடி விளையாடும்போது தாயின் நெஞ்சு பதறாது. இறைவனின் ஆசி தங்குவதற்கு அத்தகைய வீட்டைவிட ஏற்ற இடம் வேறு ஏது?